கல்லும் சாட்சியும்: சீன முத்திரைகளில் மூலமும் நகலும்

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின், கி.பி. 628ஆம் ஆண்டளவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு அரசர்களுக்கு மடல் விடுக்க முனைந்தபோது, முத்திரையிடப்படாத மடலை ரோமர் படிப்பதில்லை என்று அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டது. அதன்பேரில் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பெற்று, அதில் 'முஹம்மது ரஸூலுல்லாஹ்' எனும் வாசகம் பொறிக்கப்பட்டது. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தியை அறிவிக்கும் ஹதீஸ் நூல்கள் இன்னொரு செய்தியையும் சேர்த்தே அறிவிக்கின்றன. தம் மோதிரத்திலுள்ள வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளலாகாது என்று அண்ணலார் தடுத்துவிட்டார்கள். முத்திரை பிறந்தபோதே போலியைப் பற்றிய எச்சரிக்கையும் உடன்பிறந்துவிட்டது.

அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகிய மூவர் கரங்களிலும் அடுத்தடுத்து இருந்தது. பின்னர் குபாவிற்கு அருகிலுள்ள அரீஸ் கிணற்றில் விழுந்து, எவ்வளவோ தேடியும் கிடைக்காமற் போயிற்று. உஸ்மான் (ரலி) அவர்களின் இறுதிக் காலத்தில், அவர்களது முத்திரை தாங்கிய மடல் ஒன்று எகிப்தை நோக்கிச் செல்லும் வழியில் பிடிபட்டதையும், தாம் அதை எழுதவுமில்லை, எழுதப் பணிக்கவுமில்லை என அவர்கள் மறுத்துரைத்ததையும் வரலாற்றாசிரியர்கள் விரிவாகக் குறித்துள்ளனர். முத்திரை இருப்பதனாலேயே மடல் மெய்யாகிவிடாது என்ற பாடத்தை இச்சமுதாயம் பெருவிலை கொடுத்தே கற்றது.

இத்தகைய வரலாற்றை உடையோர், சீனநாட்டுக் கல்முத்திரைகளைப் பற்றிய ஆய்வைத் தமக்குத் தொடர்பற்றதெனக் கருதுவதற்கில்லை. இன்று பழம்பொருள் கடைகளிலும் இணையவழி ஏலங்களிலும் 'மிங் காலத்தது', 'சிங் அரசவையிலிருந்து வந்தது' எனும் அடைமொழிகளோடு எண்ணற்ற கல்முத்திரைகள் விலைக்கு வருகின்றன. 2016 டிசம்பரில் பாரிஸ் நகர ஏலமொன்றில் சியான்லோங் பேரரசரின் கல்முத்திரை ஒன்று 2 கோடியே 10 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அத்தகைய விலை ஓரிடத்தில் கிடைக்குமெனில், ஓராயிரம் இடங்களில் நகல் உருவாவது இயல்பே.

சோழமண்டலக் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு, பதினாறாம் நூற்றாண்டில் முஸ்லிம் வணிகரும் பிற வணிகரும் கூடி வாழ்ந்த துறைமுகம். அங்கிருந்து துணிகள் மலாக்காவுக்குச் சென்றன. மலாக்காவிலிருந்து சீனச் சரக்குகள் திரும்பி வந்தன. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்ட்ரியா கோட்டையை அமைத்த பின்னரும் கீழைக் கடல்வழி தொடர்ந்தது. தெற்கே பெரியபட்டினத்திலும், உள்நாட்டில் கங்கைகொண்ட சோழபுரத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, இக்கரையில் ஒரு வீட்டின் பழம்பெட்டியில் சீன முத்திரை ஒன்று கிடைத்தால், அது மெய்யாக இருக்க வாய்ப்பே இல்லை என எவரும் கூறிவிட முடியாது. போலிக்கு உதவுவதும் இதே வாய்ப்புத்தான். உண்மையான வணிக வரலாற்றின் நிழலில்தான் பொய்யான பொருள் இளைப்பாறுகிறது.

தொடரும் வாசகமும்

பொருளை எங்ஙனம் சோதிப்பது? ஹதீஸ் கலை இவ்வினாவிற்கு எக்காலத்துக்கும் பொருந்தும் இரு வழிகளை வகுத்தது. செய்தி யார் யார் வாயிலாக வந்தது என ஆராய்வது இஸ்னாது; வந்த செய்தியின் வாசகம் தன்னளவில் பொருந்துகிறதா என ஆராய்வது மத்ன். இவ்வழியை ஓர் ஆவணத்தின்மீது செலுத்திக் காட்டியவர் பக்தாதின் பேரறிஞர் கத்தீப் அல்பக்தாதீ (ரஹ்) ஆவார். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த அவரது காலத்தில், கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களிப்பதாக நபிகளாரின் பெயரால் எழுதப்பட்ட ஆவணம் ஒன்று அமைச்சரிடம் காட்டப்பட்டது. கத்தீப் அதைப் பார்த்ததும் பொய்யென்றார். அதில் சாட்சியாகக் குறிக்கப்பட்டிருந்த முஆவியா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சியான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களோ அகழ்ப்போருக்குப் பின், ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். மையையோ தோலையோ அவர் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆண்டுக் கணக்கே போதுமானதாயிற்று.

சீன முத்திரையை ஆராய்வோர் கைக்கொள்வதும் அடிப்படையில் இதே முறைதான். ஆனால் வாசகத்திற்குச் செல்லுமுன் கல்லைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

கல்லின் இனம்

ஹான் காலத்து முத்திரைகள் பெரும்பாலும் வெண்கலத்தாலானவை. உயர்ந்தோர்க்குப் பொன்னும் ஜேட் கல்லும் பயன்பட்டன. எழுத்தறிஞர்கள் மென்கல்லை எடுத்துத் தாமே செதுக்கும் வழக்கம் மிகப் பிற்காலத்தது. யுவான் காலத்தின் இறுதியில் அது அரும்பியது. மிங் காலத்தில் வென் பெங் (1498–1573) போன்றோரால் பரவியது. எனவே மென்கல்லில் செதுக்கப்பட்ட 'ஹான் கால அதிகாரியின் முத்திரை' என ஒன்று நீட்டப்படுமாயின், அதன் அழகைப் பாராட்டுவதற்கு முன்னரே ஐயங்கொள்ள வேண்டும்.

மென்கற்களில் புகழ்பெற்றவை நான்கு: செஜியாங் மாநிலத்தின் சிங்தியான், சாங்ஹுவா கற்கள், ஃபூஜியான் மாநிலத்தின் ஷோஷான் கல், உள்மங்கோலியாவின் பாலின் கல். சாங்ஹுவாக் கல்லில் குருதி தெறித்தாற்போன்ற செந்நிறம் காணப்படுவது அதிலுள்ள சாதிலிங்கத்தால். பாலின் கல் பேரளவில் வெட்டியெடுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தது 1970களுக்குப் பிறகே. இக்கல்லில் 'மிங் கால' முத்திரையைக் காட்டுவோர், கத்தீப் முன் சாட்சி சொல்ல வந்தவர் போன்றோரே. இன்று மலிவான நகல்களுக்குப் பெரிதும் பயன்படுவது நம் வீடுகளில் கல்சட்டிக்கு உதவும் மாக்கல்லின் இனம். அதைவிட மலிவானது, கற்பொடியைச் செயற்கைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. அச்சின் பொருத்துக் கோடு, உறைந்துபோன நுண்ணிய காற்றுக் குமிழிகள், கல்லுக்குரிய குளிர்ச்சி கையில் உறைக்காமை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் கல்லின் இனம் பொருந்திவிட்டதாலேயே முத்திரை பழையதாகிவிடாது. கல் பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது. செதுக்கியது நேற்றாக இருக்கலாம். செதுக்கிய காலத்தைச் சோதனைச்சாலை நேரடியாக அளந்து சொல்ல வழியில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயதெனச் சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் 2011இல் வெளியிட்டனர். கருவியின் வடிவைப் பார்த்து அவர்கள் அவ்வாறு கூறவில்லை. அகழ்ந்த மண்ணடுக்கில் அது எங்கே கிடந்தது, எவ்வளவு காலம் புதையுண்டிருந்தது என்பதை அளந்தே கூறினர். அதே கல்லை ஒருவர் பையில் போட்டு எடுத்துவந்து கடையில் வைத்துவிட்டால், அந்த வயது அத்துடன் தொலைந்துவிடும். கல் பேசுவது கிடந்த இடத்தின் வாயால்தான்.

கையும் கருவியும்

செதுக்கிய விதம் அடுத்த சாட்சி. கைக்கத்தியால் மென்கல்லை வெட்டும்போது, கோட்டின் ஓரங்களில் சிறுசிறு பொரிவுகள் தோன்றும். ஆழம் ஓரிடத்தில் மிகும், ஓரிடத்தில் குறையும். கை தொடங்கிய இடமும் நிறுத்திய இடமும் உருப்பெருக்கியில் தெரியும். மின்சுழல் கருவி குடைந்த பள்ளம் உருண்டு, வழவழப்பாக, ஒரே அகலத்தில் ஓடும். ஒளிக்கற்றையால் பொறிக்கும் பொறியோ அடித்தளத்தை ஒரே மட்டமாக அரித்து நுண்ணிய வரிகளை விட்டுச்செல்லும். கணினி வழிநடத்தும் வெட்டுப்பொறி கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் பணிபுரியும் இளைஞருக்குப் புதியதன்று. அவர் நாள்தோறும் காணும் ஒரே சீரான வெட்டை நூறாண்டு முந்திய கல்லில் கண்டால், எந்த அறிஞரையும் விட விரைவில் அவரே ஐயுறுவார்.

தேய்மானம் எளிதில் ஏமாற்றும். தேநீர்ச் சாறு, புகை, மெழுகு, அமிலம் ஆகியவற்றால் புதுக்கல்லுக்கு ஓரிரவில் முதுமை பூசலாம். மெய்யான தேய்மானம் பயன்பட்ட இடத்தில் இருக்கும்: விரல்கள் பற்றும் பிடியின் புடைப்புகளிலும், தாளில் படியும் முகத்தின் விளிம்பிலும். பூசிய முதுமை பெரும்பாலும் பள்ளங்களில் தேங்கி நிற்கும். விளிம்பு உடைந்திருப்பதையும் பழமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அரிப்புண்ட ஹான் வெண்கல முத்திரைகளின் தோற்றத்தை விரும்பி, ஊ சாங்ஷுவோ (1844–1927) போன்ற பெருங்கலைஞர்களே தம் புதிய முத்திரைகளின் விளிம்பைத் தட்டி உடைத்தனர். அங்கே உடைப்பு ஏமாற்றன்று, கலை.

முத்திரைக்குரிய செங்குழம்பு, பொடித்த சாதிலிங்கத்தை ஆமணக்கெண்ணெயிலும் மாசிபத்திரி இனச் செடியின் நாரிலும் குழைத்துச் செய்யப்படுவது. பலகாலம் பயன்பட்ட முத்திரையின் மூலைமுடுக்குகளில் அது உலர்ந்து கெட்டித்திருக்கும். சந்தையில் கிடைக்கும் மலிவுச் சிவப்பு மை அவ்வாறு படிவதில்லை. எனினும் பழைய குழம்பைப் புதுக்கல்லில் அப்பவும் முடியும். ஆகவே தனியொரு குறியை நம்பி முடிவுகட்டுதல் கூடாது. பல குறிகள் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

வாசகத்தின் சாட்சி

இனி மத்ன். முத்திரையின் முகத்தில் உள்ள எழுத்துகள் பழைய முத்திரை வரிவடிவில், இடவலமாய்த் திரும்பி இருக்கும். அவ்வரிவடிவம் பேரகராதிகளில் உள்ளது. தவறான கோடு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கற்றோர் கண்டுகொள்வர். சிங் பேரரசின் அலுவல் முத்திரைகளில் சீன எழுத்துடன் மஞ்சு எழுத்தும் இடம்பெறும். அது இன்றிச் சிங் கால அதிகாரியின் முத்திரை என வருவது ஐயத்துக்குரியது. பேரரசர் முத்திரைக்கு இதனினும் கடுமையான சோதனை உண்டு. சியான்லோங் பேரரசரின் 1,800க்கு மேற்பட்ட முத்திரைகளின் பதிவுகள் அரண்மனைப் பதிவேடுகளில் தொகுக்கப்பட்டன. விற்பனைக்கு வரும் கல்லின் பதிவை அப்பதிவேட்டுடன் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுதல் முதற்பணி.

கல்லின் பக்கவாட்டில் செதுக்கியவர் பெயரும் ஆண்டும் இருப்பதுண்டு. இவ்வாண்டைப் படிப்பதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரையான நம் அறுபதாண்டுச் சுழற்சியைப் போலவே சீனருக்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. 'குரோதி ஆண்டு' என்று மட்டும் குறித்த ஒரு பத்திரம் 1904ஐச் சுட்டுகிறதா, 1964ஐச் சுட்டுகிறதா, 2024ஐச் சுட்டுகிறதா என்பது அதனால் மட்டும் விளங்காது. சீனரின் 'ஜியாசென்' ஆண்டும் அவ்வாறே 1844, 1904, 1964, 2024 எனத் திரும்பத் திரும்ப வருகிறது. விற்பவர் இவற்றுள் முந்தியதைச் சொல்வார். வாங்குபவர் பிந்தியதை மறுக்கச் சான்று கேட்க வேண்டும். பக்கவாட்டு வாசகம் முழுதும், 1956க்குப் பின் சீன அரசு பொதுவழக்காக்கிய எளிய எழுத்து வடிவங்களில் இருக்குமாயின் கேள்வி இன்னும் எளிது.

இங்கே ஒரு நீதியும் சொல்லத்தக்கது. சீனக் கலைமரபில் ஆசானின் முத்திரையைப் பார்த்துச் செதுக்கிப் பழகுவது கல்வியின் பகுதி. அங்ஙனம் உருவான நகல் குற்றமன்று. அதை மூலமென விற்பதே குற்றம். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதும், குறையை மறைத்து விற்பவரை அண்ணலார் கண்டித்தார்கள் என்பதும் யாவரும் அறிந்தவை. நகலைப் பழித்தல் வேண்டா. பொய்யுரையையே விலக்க வேண்டும்.

தொடரின் சாட்சி

இஸ்னாதின் வலிமைக்கு முத்திரை வரலாற்றிலேயே இரு சான்றுகள் உள்ளன. கி.பி. 1295இல் இஸ்லாத்தைத் தழுவிய ஈரானின் மங்கோலிய அரசர் காஸான், 1302இல் போப்பாண்டவருக்கு விடுத்த மடலில் சீன எழுத்து முத்திரையின் செந்நிறப் பதிவு உள்ளது. அவர் தம்பி உல்ஜைத்து 1305இல் பிரெஞ்சு மன்னருக்கு விடுத்த மடலிலும் அவ்வாறே. முன்னது வத்திக்கான் ஆவணக் காப்பகத்திலும், பின்னது பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. முஸ்லிம் மன்னர் ஒருவர் சீன முத்திரையைப் பயன்படுத்தினார் எனும் வியப்பான செய்தியை நாம் ஐயமின்றி ஏற்பது, அம்மடல்கள் காப்பகத்தில் தங்கிய தொடர் அறுபடாததனால்தான்.

மற்றது ஜப்பானியச் சான்று. 1784இல் ஷிகானோஷிமா தீவில் வயலில் கிடைத்ததாகக் கூறப்பட்ட சிறு பொன்முத்திரை, கி.பி. 57இல் ஹான் பேரரசர் 'நா' நாட்டு அரசருக்கு வழங்கியது எனக் கருதப்பட்டது. கிடைத்த சூழல் தெளிவாக இல்லாததால் அது போலி என்ற ஐயமும் எழுந்தது. பின்னர் 1956இல் யுன்னானில் முறையான அகழாய்வில் பாம்புருவப் பிடியுள்ள தியான் அரசரின் பொன்முத்திரையும், 1981இல் கி.பி. 58ஆம் ஆண்டைச் சேர்ந்த குவாங்லிங் இளவரசரின் பொன்முத்திரையும் வெளிப்பட்டன. இவ்விரண்டின் துணையால் ஜப்பானிய முத்திரையின் மதிப்பு உயர்ந்தது. எனினும் விவாதம் முற்றும் அடங்கவில்லை. தொடர் அறுந்த பொருள், இருநூறாண்டு கழிந்தும் பிறர் சாட்சியை எதிர்நோக்கி நிற்கிறது.

பெருமையும் பொய்யும்

போலி வெல்வது அறியாமையால் மட்டுமன்று. நாம் விரும்பும் செய்தியை அது சொல்வதாலும்தான். யுன்னானின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மிங் பேரரசின் கடற்படைத் தலைவரான ஜெங் ஹெயின் புகழ் இதற்கு நல்ல உரைகல். அவர் காலத்துக் கல் ஒன்று நம் கரைக்கு மிக அருகிலேயே உண்டு. 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்த அக்கல், இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனவரை நாயனாரையும் போற்ற, பெரிதும் சிதைந்துவிட்ட பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து அமைந்துள்ளது. நாள் 1409 பிப்ரவரிக்கு ஒத்தது. கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பர் ஆய்வாளர். ஆண்டுப்பெயர், தூதர் பெயர், காணிக்கைப் பட்டியல் ஆகியவை சீன வரலாற்று ஏடுகளோடு இசைகின்றன. கண்டெடுத்த இடமும் ஆண்டும் தெரியும். மதகுக்கு மூடியாகக் கல்லைப் போட்டவருக்கு அதை விற்கும் நோக்கம் இருந்திருக்கவும் முடியாது. இஸ்னாதும் மத்னும் கைகோத்து நிற்கும் கல் இது.

இதற்கு மறுபுறம், 2006 ஜனவரியில் வெளியுலகுக்கு அறிமுகமான ஓர் உலகப்படம். 2001இல் ஷாங்காய்க் கடையொன்றில் வாங்கப்பட்ட அது, 1418ஆம் ஆண்டுப் படத்தை 1763இல் பெயர்த்து வரைந்தது எனக் குறிப்பிட்டுக்கொண்டது. அமெரிக்காவைக் கொலம்பஸுக்கு முன் கண்டவர் ஜெங் ஹெயின் மாலுமிகளே என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டினர். முஸ்லிம் கடலோடிக்கு இப்பெருமை கிடைப்பதை விரும்பாதார் யார்? ஆனால் ஆய்வாளர் படத்தின் வாசகத்தையும் வடிவையும் நோக்கினர். உலகை இரு அரைவட்டங்களாய் வரையும் ஐரோப்பிய முறை அதில் இருந்தது. கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிழையும் அப்படியே இருந்தது. ஹிஜ்ரி 7இன் ஆவணத்தில் ஹிஜ்ரி 8இன் சாட்சி கையொப்பமிட்டது போன்றதே இது. ஜெங் ஹெயின் பெருமைக்கு அப்படம் வேண்டியதில்லை. காலிக் கல்லே போதும். பொய்யான சான்றால் நிறுவப்படும் பெருமை, அச்சான்று வீழும் நாளில் மெய்யான பெருமையையும் சேர்த்துச் சாய்த்துவிடும் என்பதே அஞ்சத்தக்கது.

நம் கடமை

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பெயரும் ஆண்டும் பொறித்த அந்தக் கற்கள் நட்ட இடத்திலேயே நிற்பதனால் அவற்றைப் பற்றி வழக்கில்லை. வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள சிறு பொருள்களுக்கு அந்தப் பேறு இல்லை. முத்திரை, அரபுத்தமிழ் ஏடு, பீங்கான் தட்டு, கப்பல் கணக்கு ஆகியவை ஒரு தலைமுறை மறைந்ததும் பெட்டியோடு விலைபோகின்றன. விலைபோன அன்றே அவற்றின் இஸ்னாது அறுகிறது. பின்னர் அதே பொருள் கடையில் போலிகளுக்கு நடுவே போலியாகவே கிடக்கும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாடு கடத்துதல் குற்றம். சட்டம் பொருளைக் காக்கலாம்; அதன் தொடரைக் காப்பது உடையவரின் பொறுப்பு. முத்திரையொன்று கைவசம் உள்ளோர் அதைத் தேய்த்துக் கழுவாமல், மெருகிடாமல், நல்ல தாளில் பதிவெடுத்து, அளவும் எடையும் குறித்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதை அறிந்த அளவில் எழுதி, ஒளிப்படத்துடன் வைக்கலாம். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்தெழுதுவது இதில் இன்றியமையாதது. 'ஹத்தஸனா' எனத் தொடங்கும் ஒவ்வொரு ஹதீஸிலும் நம் முன்னோர் கைக்கொண்ட ஒழுங்கு அதுவே.

ஒரு சிறு கல்லைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு எதற்கென்று கேட்கலாம். கடற்கரை முஸ்லிம்களின் வரலாற்றுக்கு எழுத்துச் சான்றுகள் மிகச் சில. இருக்கும் சிலவற்றுள் ஒரு போலி புகுந்துவிட்டால், மெய்யானவற்றையும் நம்ப மறுப்போருக்கு அதுவே வாய்ப்பாகும். வரலாறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் கூட்டுவதும் குறைப்பதும் ஒன்றே.